நாலு செகண்டு

ரெண்டு திருநெல்வேலி குடுங்க கண்டக்டர். ஆமா, எனக்கும் இந்த அண்ணாச்சிக்கும்தான். இருக்கட்டும் அண்ணாச்சி, பையில கையை விடாதீங்க, சில்லறை நான் வச்சிருக்கேன். தென்காசில இந்த வண்டில ஏறி ஜன்னலோரமா சாஞ்சு உக்காந்துட்டீங்கன்னா வேற எங்க போகப் போறீங்க? ஆளைப் பாத்தாலே நான் சொல்லிருவேன். மடியில எதுக்குப் பையை வச்சிக்கிட்டு இருக்கீங்க? இங்க குடுங்க, மேல வைக்கிறேன். என் பைக்கு அடியில இருக்கட்டும், அப்பதான் உருளாது.

என் பேரு குத்தாலிங்கம். காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு. போன மாசம் வரைக்கும் பொறுப்பு. அதைத்தான் சொல்ல வாரேன்.

இப்ப எதுக்குப் போறேன்னா, எம் மகளுக்கு இன்னைக்குப் பாளையங்கோட்டைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இன்டர்வியூ. குழல்வாய்மொழின்னு பேரு, குற்றாலத்து அம்மன் பேரு. வீட்டுல குழலி. பி.காம் முடிச்சிருக்கா. படிப்புல கெட்டி, ஆனா வாய் செத்த பிள்ளை. யாராவது ஒரு கேள்வி கேட்டா அப்படியே நின்னு யோசிக்கும். எங்க காலேஜ்லயே சேக்கும்போது பிரின்சிபால், "நீ என்னம்மா படிக்கப் போற?"ன்னு கேட்டாரு. இவ யோசிச்சா. நான்தான், "கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்"னு சொல்லிக் காரியத்தை முடிச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, இவளே ஆபீஸுக்குப் போயி பி.காமுக்கு மாத்திக்கிட்டு வந்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்லா? சொல்லல.

அப்படிப்பட்ட பிள்ளை, இன்னைக்கு விடிஞ்சும் விடியாம முதல் பஸ்ல தனியாக் கிளம்பிப் போயிட்டா. அவ அம்மா செண்பகம் சொல்லுதா, "நீங்க பின்னால போகாதீங்க, அவளே பாத்துக்கிடுவா"ன்னு. எப்படிங்க விட முடியும்? ஆடிட்டர் நாலு கேள்வி கேட்டா அங்க பதில் சொல்ல ஆள் வேணும்லா? இந்த வேலைய அவ ரொம்ப ஆசைப்பட்டு எழுதிப் போட்டிருக்கா. போச்சுன்னா மனசு விட்டுரும். அதான் அவ அம்மாவைச் சமாளிச்சிட்டு, இப்பதான் இந்த வண்டியைப் புடிச்சேன். பத்து மணிக்குத்தான் இன்டர்வியூ. ரோடு வேலை நடக்காம இருந்தா உள்ள கூப்பிடுததுக்குள்ள போயிரலாம்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? தெரியும், என் பொறுப்பு எப்படிப் போச்சுன்னு கேக்கப் போறீங்க. சொல்லுதேன்.

எங்க காலேஜ்ல புதுசா நாப்பது கம்ப்யூட்டர் வாங்கினாங்க. ஆன்லைன் பரீட்சைக்கு எங்க காலேஜை ஒரு சென்டரா ஆக்கணும்னு தாளாளருக்கு ஆசை. நாப்பதும் காலி டப்பா, உள்ள ஒண்ணும் கிடையாது. ஒவ்வொண்ணா உக்காந்து எல்லாத்தையும் ஏத்தினா விடியாது. அதனால என்ன பண்ணுவோம்னா, ஒரு கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சரியாப் போட்டு, அதை அப்படியே ஒரு நகல், இமேஜ்னு சொல்லுவோம், எடுத்து ஒரு சர்வர்ல வச்சிருவோம். மத்ததெல்லாம் ஆன் ஆனதும் வயர் வழியா அந்த சர்வருக்கு வந்து, இமேஜை எறக்கி, அச்சுல வாத்த மாதிரி ஆயிரும். சர்வர் நானே ரெடி பண்ணினேன். முதல் பக்கத்துல, "வணக்கம். தங்களை வரவேற்பது குத்தாலிங்கம்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தேன். வாரவங்களுக்கு ஒரு மரியாதை வேணும்லா.

இதுல எங்க தாளாளர் ஒரு கண்டிஷன் போட்டாரு. நல்ல நேரத்துல, தேங்கா உடைச்சு, நாப்பதையும் ஒண்ணாப் போடணும். அதுக்கு முன்னால ஒரு மிஷினும் கண்ணைத் திறக்கக் கூடாது. நான் டெஸ்ட் பண்ணணும்னு சொல்லிப் பாத்தேன். "தாலி கட்டுததுக்கு முன்னால பொண்ணைக் கூட்டிட்டுப் போயி டெஸ்டா பண்ணுவாங்க?"ன்னுட்டாரு. அதுக்கு மேல அவருகிட்ட என்ன பேச?

அன்னைக்குக் காலைல பாக்கணும். நாப்பது பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு எலுமிச்சம்பழம். முதல் மிஷினைப் பெரிய திரையில காட்டுத மாதிரி வச்சிருந்தேன். அய்யர் மணி அடிக்க, தாளாளர் சுவிட்சைத் தட்ட, நாப்பதும் ஒண்ணா முழிச்சுது. நான் கையைக் கட்டிக்கிட்டு என் பேரு வாரதுக்காகப் பாத்துக்கிட்டு நிக்கேன். திரையில என்ன வருது தெரியுமா? "வணிகவியல் துறை. பி.காம் முதலாண்டு மாணவிகள் பதிவெண்ணைத் தரவும்." நாப்பதுலயும் அதேதான். தாளாளர் சுத்தி ஒரு தடவை பாத்தாரு. "குத்தாலிங்கம், நம்ம எல்லாரும் பி.காம் சேந்துட்டோமாய்யா?"ன்னு கேட்டாரு. அத்தனை பேரும் சிரிக்காங்க.

அப்புறம் ஆரம்பிச்சேன் வேலைய. வயரை மாத்தினேன், சுவிட்சு பெட்டியை மாத்தினேன். வித்தவன் மதுரைலேர்ந்து ஒரு ஆளை அனுப்பினான், அவன் ஒரு நாள் முழுக்க உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு, "உங்க சர்வர்ல ஒரு குறையும் இல்ல சார்"னு சொல்லிட்டுப் போனான். அது எனக்கே தெரியும்.

விஷயம் என்னன்னா, வணிகவியல் துறைக்குத் தனியா ஒரு பழைய சர்வர் உண்டு. ஜெபராணி மேடம், அந்தத் துறைத் தலைவி, அவங்க பல வருஷமா அதை வச்சு நடத்துதாங்க. அவங்க லேப்ல கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்கே கிடையாது. ஆன் பண்ணினா நேரா அந்த சர்வர்லேர்ந்துதான் எந்திரிக்கும். இப்ப புரியுதா? காலி மிஷின் கண்ணை முழிச்சதும் வயர்ல ஒரு சத்தம் குடுக்கும், "யாராவது இருக்கீங்களா, நான் எங்க போகணும்?"னு. யார் முதல்ல பதில் சொல்லுதாங்களோ அவங்க பின்னால போயிரும். அடுத்த ஆள் சொல்லுததைக் காதுலயே வாங்காது. ரயிலை விட்டு எறங்கினவனை முதல்ல கூப்பிட்ட ஆட்டோக்காரன் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போவான்ல, அதே கதைதான். என் பிள்ளைங்க நாப்பதையும் அந்த அம்மா சர்வர் அள்ளிட்டுப் போயிருக்கு.

ஒரு நாள் கோபத்துல போயி அந்த சர்வர் வயரை உருவி விட்டுட்டேன். அது வினையாப் போச்சு. காலேஜ் முழுக்க எல்லா கம்ப்யூட்டருக்கும் அட்ரஸ் குடுக்கிறது அந்த சர்வர்தானாம். அட்ரஸ் இல்லாம பீஸ் கட்டுத எடத்துல, நூலகத்துல, எல்லாம் நின்னு போச்சு. திரும்பச் சொருகிட்டு வந்துட்டேன். ஜெபராணி மேடம் எங்கிட்ட வந்து, "குத்தாலிங்கம் சார், நாம உக்காந்து பேசலாமா? ரெண்டு சர்வரும் சேந்தே இருக்க முடியும். முதல்ல வந்து..."ன்னு ஆரம்பிச்சாங்க. "நான் பாத்துக்கிடுதேன் மேடம்"னு அனுப்பிட்டேன். வணிகவியல் படிச்சவங்க நமக்கு நெட்வொர்க் சொல்லிக் குடுக்காங்க.

பாவூர்சத்திரம் வந்துட்டு. உக்காருங்க உக்காருங்க, இங்க டீ நல்லா இருக்காது. எங்க விட்டேன்? ஆங்.

எனக்கு ஒரு யோசனை. அவங்களுக்கு முன்னால நான் பதில் சொன்னா முடிஞ்சு போச்சுல்லா? என் சர்வரைத் தூக்கிட்டுப் போயி, எல்லா வயரும் வந்து சேருத மெயின் சுவிட்சு பெட்டிக்குப் பக்கத்துலயே உக்கார வச்சேன். பதில் சொல்ல ஒரு நொடி கூட யோசிக்காதேன்னு செட்டிங்கை மாத்தினேன். அதோட இன்னொண்ணும் பண்ணினேன். வந்த மிஷின்கிட்ட ஆமாவா இல்லையான்னு கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம், வந்த உடனே பழசை அழிச்சிட்டு இமேஜை எறக்கிருன்னு சொல்லி வச்சேன். நேரம் மிச்சம் பாருங்க.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது குழலிகிட்ட பெருமையாச் சொன்னேன். அவ கையில சோத்து உருண்டையோட நிமிர்ந்து, "அப்பா, எங்க ப்ராஜெக்ட் ரூம் மிஷினும் அந்த வயர்லதான்..."ன்னா. "தெரியும்மா, நீ சாப்பிடு"ன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலைல நாப்பதும் என் வரவேற்பைக் காட்டி, அழகா இமேஜை எறக்கி, பளிச்சுனு நிக்குது. கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. ஓடிப் போயி பிரின்சிபாலைக் கூட்டிட்டு வாரேன், வழியில வணிகவியல் லேப்ல ஒரே சத்தம். எட்டிப் பாத்தா, அங்க உள்ள எல்லாத்துலயும் என் பேருதான். "தங்களை வரவேற்பது குத்தாலிங்கம்." பிள்ளைங்களுக்கு அன்னைக்கு மாடல் பிராக்டிகல். டிஸ்க் இல்லாத மிஷின்லா, இமேஜை எங்க எறக்கன்னு தெரியாம அப்படியே வரவேற்றுக்கிட்டே நிக்குது. பிள்ளைங்க கும்பிடு போட்டுச் சிரிக்குதுங்க.

அது போகட்டும், ஒரு காலை வேளை. ஆனா அந்த ப்ராஜெக்ட் ரூம்ல ஒரு மிஷின் இருந்துச்சு. அதுக்கு மட்டும் டிஸ்க் உண்டு. தினமும் ஆன் ஆனதும் ஜெபராணி மேடம் சர்வர்கிட்ட வழி கேக்கும், அது, "உன் டிஸ்க்லேர்ந்தே எந்திரி"ன்னு அனுப்பி வைக்கும். அன்னைக்கு முதல்ல பதில் சொன்னது நாம. நாமதான் கேக்காம செய்யுத ஆளாச்சே. இருந்ததைச் சுத்தமா அழிச்சிட்டுப் புது இமேஜை எறக்கிருச்சு. உள்ள கடைசி வருஷப் பிள்ளைங்க ப்ராஜெக்ட். குழலியோடதும் அதுலதான். பீடி சுத்துத பொம்பளைங்க எப்படிச் சேமிக்காங்கன்னு ஊர் ஊராப் போயி, வாசல் வாசலா உக்காந்து கேட்டு எழுதினது. அந்த வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் அவ எப்படித்தான் பேசினாளோ, எனக்குத் தெரியாது.

குழலி அழல. எங்கிட்ட ஒண்ணும் கேக்கவும் இல்ல. கையில எழுதி வச்சிருந்த தாளையெல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு, முதல்லேர்ந்து டைப் அடிச்சா. நான் பக்கத்துல போயி நின்னு, "எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருந்தா நான் ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பேன்லா?"ன்னேன். அவ டைப் அடிக்கிறதை நிறுத்திட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் திரும்பிக்கிட்டா. பிள்ளைங்களுக்கு நேரத்துல வாயைத் திறக்கத் தெரியல, அதுதான் குறை. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. ஒரு வாரம் அவளுக்கு ராத்திரி டீ போட்டுக் குடுத்தது நான்தான்.

இது நடந்த பிறகு ஜெபராணி மேடம் என் லேப்புக்கு வந்தாங்க. இந்தத் தடவை உக்காரலை, நின்னுக்கிட்டே பேசினாங்க.

"சார், உங்க சர்வருக்கு எந்த மிஷின் கேக்குதுன்னு தெரியுமா?"

"யார் கேட்டா என்ன மேடம்? கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்லா?"

"உங்களைக் கேட்டாங்களான்னு தெரிய வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. மிஷின் பொதுவாத்தானே கேக்குது? அந்த அம்மா மூச்சு வாங்கிட்டுச் சொன்னாங்க. "சரி, இப்படி வச்சுக்கிடுவோம். என் மிஷின் எல்லாம் எனக்குத் தெரியும். அதுங்களுக்கு மட்டும் என் சர்வர் பதில் சொல்லும். தெரியாத மிஷின் கேட்டா வாயைத் திறக்காதுன்னு மாத்திட்டேன். நீங்க ஒண்ணு செய்ங்க. உங்க சர்வரை நாலு செகண்டு பொறுக்கச் சொல்லுங்க. நாலு செகண்டுல நான் பதில் சொல்லலைன்னா அது உங்களுக்கு வந்த மிஷின்தான். தாராளமா எடுத்துக்கிடுங்க."

எனக்கும் அதே யோசனை முன்னாலயே இருந்துச்சு. சொல்லத்தான் நேரம் வாய்க்கல. பெருந்தன்மையா விட்டுக் குடுத்து, நாலு செகண்டு போட்டேன். கேக்காம அழிக்கிறதையும் எடுத்துட்டு, ஆமாவா இல்லையான்னு கேக்கச் சொல்லிட்டேன். நம்ப மாட்டீங்க, அதுக்குப் பிறகு ஒரு சண்டை சச்சரவு கிடையாது. அவங்க மிஷின் அவங்ககிட்ட போகுது, என் மிஷின் எங்கிட்ட வருது. பரீட்சைக்காரங்க வந்து பாத்துட்டு, சென்டர் குடுத்துட்டாங்க. நான் அப்பப்ப நினைச்சுக்கிடுவேன், இந்த நாலு செகண்டை மனுஷங்களுக்கும் வைக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும். அந்த ஜெபராணி அம்மாவுக்குத்தான் முதல்ல வைக்கணும்.

ஆலங்குளம். அண்ணாச்சி, எதுக்கு எந்திரிக்கீங்க? எறங்குதவங்க எறங்கட்டும், கூட்டம் போகட்டும், நமக்கு இன்னும் தூரம் இருக்குல்லா. காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க, அவங்க போகட்டும். ஆங், இப்ப சௌகரியமா இருக்கு. வண்டி எடுத்துட்டான்.

இனிமேதான் முக்கியமான இடம். சென்டர் கிடைச்ச சந்தோஷத்துல பிரின்சிபால் ஒரு மீட்டிங் வச்சாரு. "இனிமே காலேஜ் நெட்வொர்க் முழுக்க ஒருத்தர் பொறுப்புல இருக்கட்டும். நீங்க எடுத்துக்கிடுதீங்களா?"ன்னு கேட்டாரு. "எடுத்துக்கிடுதேன் சார்"னேன். அவரு என்னைப் பாக்காம சொன்னாரு, "நான் ஜெபராணி மேடத்தைக் கேட்டேன்"னு. அந்த அம்மா அவசரப்படாம, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "சரி சார்"ன்னாங்க. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. இப்ப நான் நூலகத்துல புத்தகத்துக்குப் பார்கோடு ஒட்டுதேன். நீங்களே சொல்லுங்க, இது அநியாயமா இல்லையா? அநியாயம்தான். நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். என் பேரு போட்ட அந்த வரவேற்பையும் எடுத்துட்டாங்க. இப்ப வெறும் "வணக்கம்" மட்டும் இருக்கு.

இருங்க, போன் அடிக்கு. குழலிதான்.

ஹலோ, அப்பாதாம்மா. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். நீ ஒண்ணும் பயப்படாதே. ஆலங்குளம் தாண்டியாச்சு. உள்ள கூப்பிட்டா, அப்பா வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. நான் வந்து பேசிக்கிடுதேன். தண்ணி குடி. சரியா? வச்சிருதேன், ரோடு சரியில்ல, ஒண்ணும் கேக்கல.

ஏதோ சொல்ல வந்தா. பதட்டமா இருக்கும், பாவம். நேர்ல கேட்டுக்கிடலாம்.

இந்தா, ஏதோ மெசேஜ் அனுப்பியிருக்கா. கண்ணாடி மேல பையில மாட்டிக்கிட்டு. அண்ணாச்சி, உங்களுக்குப் பொடி எழுத்து தெரியும்லா, கொஞ்சம் வாசிங்க.

என்னது? வேலை கிடைச்சிட்டா? திரும்ப வாசிங்க. மெதுவா வாசிங்க.

முதல் ஆளாப் போனதால சீக்கிரமே உள்ள கூப்பிட்டாங்க. சரி. பீடிக்காரங்க ப்ராஜெக்டைப் பத்திக் கேட்டாங்க. சரி. முக்கால் மணி நேரம் பேசினேன். யாரு, குழலியா? முக்கால் மணி நேரமா? அப்படித்தான் எழுதியிருக்காளா? ம். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. ஊருக்கு பஸ் ஏறிட்டேன். நீங்க வர வேண்டாம்.

முக்கால் மணி நேரம்.

எனக்குச் சந்தோஷம்தான் அண்ணாச்சி. சந்தோஷமில்லாம இருக்குமா? நான் வாரேங்கிற தைரியம் அவளுக்கு உள்ளுக்குள்ள இருந்திருக்கும், அது ஒரு பலம்லா. ஆனா முக்கால் மணி நேரம் அப்படி என்ன பேசியிருப்பா? இருவது வருஷத்துல எங்கிட்ட சேந்தாப்புல முக்கால் நிமிஷம் பேசினதில்ல. யார் வீட்டுக்கெல்லாம் போனா, அவங்க என்ன சொன்னாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அந்த ஆடிட்டருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்த மனுஷன் என்ன கேட்டாரோ, எப்படிக் கேட்டாரோ.

என்ன சொன்னீங்க? ஆலங்குளமா? நீங்க ஆலங்குளத்துல எறங்கணுமா?

அடடா. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கும்போது சொல்லியிருக்கலாம். எந்திரிச்சு நின்னீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம். நீங்களும் எம் மகளை மாதிரிதான் இருக்கீங்க, நேரத்துல வாயைத் திறக்க மாட்டேங்கீங்க.

பரவால்ல, ஒண்ணும் குடி முழுகிப் போகல. கண்டக்டர், அண்ணாச்சி சீதபற்பநல்லூர்ல எறங்குதாரு, பாத்து நிறுத்துங்க. இந்தாங்க உங்க பை. எதிர்ப் பக்கமாப் போயி நில்லுங்க, தென்காசி வண்டி வரும். அதுலதான் எம் மக வருவா. பச்சைச் சுடிதார், மடியில ஒரு ஃபைல் வச்சிருப்பா, ஜன்னலோரமா உக்காந்திருப்பா. பக்கத்துல எடம் இருந்தா உக்காருங்க. நான் குத்தாலிங்கத்துக்குத் தெரிஞ்சவன்னு சொல்லுங்க, இல்ல, அது வேண்டாம், சும்மாவே உக்காருங்க. இன்டர்வியூல என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னன்னு கேளுங்க. நீங்க கேட்டா சொல்லுவா. தென்காசிலேர்ந்து வழியெல்லாம் எவ்வளவு நேரம் எங்கூட உக்காந்து வந்தீங்க, நடுவுல ஒரு தடவை குறுக்க பேசினீங்களா? அவளுக்கு அப்படி ஒரு ஆள் கிடைச்சாப் போதும்.

என் நம்பர் தாரேன், கேட்டுட்டு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்கிட்ட அவ சொல்ல ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டேங்கா, என்ன காரணமோ தெரியல.